விடுப்பில் விளைந்த தமிழ்

   

தமிழ் அச்சு வரலாற்றை எழுதப் புகுவோர் பார்த்தலோமேயு சீகன்பால்குவின் பெயரைக் குறிக்காது மேற்செல்வதில்லை. செருமனியில் பிறந்து, தேனியப் பேரரசர் நான்காம் பிரடெரிக்கின் ஆணைப்படி 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடிக் கரையில் இறங்கியவர் அவர். அங்கு அச்சகம் நிறுவப்பெற்றதும், 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சேறியதும் பலரும் அறிந்த செய்திகள். ஆயின், 1714க்கும் 1716க்கும் இடையில் அவர் தாயகம் சென்று மீண்ட செய்தி பெரும்பாலும் ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. அந்த ஒற்றை வரிக்குள் தமிழின் பயணம் ஒன்றும், ஒரு தமிழரின் பயணமும் அடங்கிக் கிடக்கின்றன.

அந்நாளில் சமயப் பணியாளர்க்குத் தாயக விடுப்பு என்பது ஓய்வு அன்று. அரசரைக் காண வேண்டும். பொருளுதவி செய்வோரைக் காண வேண்டும். தொலைவிலிருந்து கடிதங்களால் தீராத வழக்குகளை நேரில் தீர்க்க வேண்டும். சீகன்பால்குவுக்கு இத்தேவை பெரிதாகவே இருந்தது. தரங்கம்பாடியின் தேனிய ஆளுநர் அசியுசோடு அவர்க்கு ஏற்பட்ட முரண், முன்னர் அவரை நான்கு திங்கள் சிறையில் வைக்கும் அளவுக்கு முற்றியிருந்தது. எனவே, பணிப் பொறுப்பை உடன்பணியாளர் குருண்டலரிடம் ஒப்படைத்துவிட்டு, 1714 அக்டோபரில் அவர் கப்பலேறினார். அவருடன் மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரும் சென்றார்.

நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் அக்காலக் கடல்வழி மாதக்கணக்கில் நீள்வது. அந்நெடும் பயணத்தில் சீகன்பால்கு இலத்தீன் மொழியில் ஒரு தமிழ் இலக்கணத்தை எழுதினார். கரையில் எட்டாண்டுகள் கேட்டுப் பழகிய மொழி, கடல்மேல் வகைதொகைப்படுத்தப்பெற்றது. தமிழ் ஒலிக்காத அந்தக் கப்பலில், தாய்மொழியாகத் தமிழைக் கொண்ட ஒருவர் அருகில் இருந்தார் என்பது சிறிய செய்தி அன்று. ஐயம் எழுந்தபோது கேட்டறிவதற்கு, பல்லாயிரம் கல் தொலைவிற்கு வேறு வாய் இருந்திராது.

1715 சூன் திங்களில் அவர்கள் நோர்வே நாட்டின் பெர்கன் துறைமுகத்தை அடைந்தனர். அப்போது வடபுல நாடுகளில் பெரும்போர் நடந்துகொண்டிருந்தது. பேரரசர் பிரடெரிக் தலைநகரில் இல்லை. சுவீடியர் வசமிருந்த இசுத்திரால்சுண்டு கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். சீகன்பால்கு அம்முற்றுகைப் பாசறைக்கே சென்று அரசரைக் கண்டார். பீரங்கிகளுக்கிடையே தமிழ் மண்ணின் செய்தியைச் சொல்ல நேர்ந்த சந்திப்பு அது.

அங்கிருந்து அவர் ஆலே நகர் சென்றார். பேராசிரியர் பிராங்கே நிறுவிய புகழ்பெற்ற அநாதை இல்லமும், அதனைச் சார்ந்த அச்சகமும் அங்கிருந்தன. தரங்கம்பாடிக்கு 1713இல் வந்த தமிழ் அச்செழுத்துகள் ஆலேயில் வார்க்கப்பெற்றவையே. அவை உருவிற் பெரியனவாக இருந்து தாளை மிகுதியாக விழுங்கியமையால், தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்க்க வேண்டியதாயிற்று. ஆலேயில் 1716ஆம் ஆண்டு 'கிராமாத்திக்கா தாமுலிக்கா' என்னும் அவ்விலக்கணம் அச்சேறியது. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் தரங்கம்பாடியில் அச்சாவதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முற்பட்டது இது.

இவ்விடத்தில் ஒரு முரண் நின்று நோக்கத்தக்கது. இலக்கணம் அச்சேறிய அதே ஆலேக்கு, அவர் முன்னரே வேறொரு நூலையும் அனுப்பியிருந்தார். தென்னாட்டுத் தெய்வங்களின் மரபைத் தமிழ் நூல்களைக் கொண்டும், தமிழரிடம் கேட்டறிந்தும் 1713இல் அவர் எழுதிய நூல் அது. அதனை அச்சிட ஆலேயினர் இசையவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கடந்து, 1867இல் சென்னையில்தான் அது அச்சு வடிவம் பெற்றது. மொழியைக் கற்பிக்கும் கருவியை ஐரோப்பா உவந்து ஏற்றது. அம்மொழி பேசும் மக்களின் உள்ளத்தைக் காட்டும் கண்ணாடியை ஒதுக்கி வைத்தது. 1708இலேயே நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் தொகுத்து, தொல்காப்பியத்தையும் திருக்குறளையும் பட்டியலிட்டு விளக்கிய ஒருவர்க்கு, தாயகம் தந்த வரவேற்பு இவ்வாறு பாதி திறந்த கதவாகவே இருந்தது.

தாயகத்தில் தங்கியிருந்த நாள்களில் அவர் மரியா தொரொத்தேயா சால்சுமன் என்னும் மங்கையை மணந்தார். தனியராய்ச் சென்றவர் இல்லறத்தாராய் ஒல்லாந்து வழியே இங்கிலாந்து சேர்ந்தார். இலண்டனில் மன்னர் முதலாம் சார்சையும், காண்டர்பரிப் பேராயரையும் கண்டார். அங்குக் கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் 1715ஆம் ஆண்டின் இறுதியில் அவர்க்கு இலத்தீன் மொழியில் வரவேற்புரை வழங்கியது. அதற்கு அவர் தந்த மறுமொழி தமிழில் அமைந்தது. கேட்டோர் பொருளுணர அதன் இலத்தீன் வடிவமும் அளிக்கப்பெற்றது.

கற்றோர் அவையில் இலத்தீனே முறையான மொழி என்றிருந்த காலம் அது. அவர் இலத்தீனிலேயே விடையிறுத்திருந்தால் எவரும் குறை கூறியிரார். பொருள் புரியாதெனத் தெரிந்தும், முதலில் தமிழ் ஒலிக்கட்டும் என அவர் கருதியது, இம்மொழி எந்த அவையிலும் நிமிர்ந்து நிற்கும் தகுதியுடையது என்று சான்று பகர்வது போன்றது. அந்நகரில் அவ்வுரையை மொழிபெயர்ப்பின் துணையின்றி உணரவல்லார், மலையப்பனையன்றி வேறு எவரேனும் இருந்திருப்பரோ என்பது ஐயமே.

1716 மார்ச்சில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டு, ஆகத்தில் அவர்கள் சென்னையை அடைந்தனர்; பின்னர்த் தரங்கம்பாடி சேர்ந்தனர். 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. ஆயினும், நேரில் சென்று தீர்க்க முயன்ற வழக்குகள் முற்றாகத் தீரவில்லை. கோபன்கேகனிலிருந்த பணிக்குழுவின் செயலர் வெந்து, ஆலயமும் பள்ளியும் எதற்கு என்னும் போக்கில் எழுதிய கடுங்கடிதங்கள் அவர் உள்ளத்தை வருத்தின. 1719 பிப்ரவரி 23ஆம் நாள், முப்பத்தாறாம் அகவையில், சீகன்பால்கு மறைந்தார். கடல் கடந்து வந்த அவ்விளங்குடும்பத்திற்குத் தரங்கம்பாடியில் வாய்த்த இல்வாழ்க்கை மூன்றாண்டுகூட நிறையவில்லை.

அன்பர்களே! ஒருவர்க்குத் தாயக விடுப்பாக அமைந்த அதே பயணம், மற்றொருவர்க்கு அயல்நாட்டு வாழ்வாக அமைந்தது. சீகன்பால்கு பெர்கனில் இறங்கியபோது தம் மக்களை நோக்கி நடந்தார். மலையப்பனோ தம் மக்களிடமிருந்து மிகத் தொலைவில் நின்றார். அங்கு வீசிய பனியை அவர் எந்தச் சொல்லால் குறித்தார்? பாசறையையும், ஆலேயின் அச்சுக்கூடத்தையும், இலண்டன் தெருக்களையும் எவ்வாறு கண்டார்? இலக்கண நூலின் முகப்பு ஒரு பெயரையே தாங்குகிறது. அதனுள் அமைந்த சொற்களைச் சரிபார்க்கத் துணைநின்ற செவிக்கும் நாவுக்கும் முகப்பில் இடம் கிடைக்கவில்லை.

இது சீகன்பால்குவின் பெருமையைக் குறைப்பதாகாது. தமிழரிடம் மாணவராய் அமர்ந்து கற்றவர் என்பதே அவர்தம் பெரும்புகழ். மாணவரைப் போற்றுவோர் ஆசிரியரையும் அறிந்து போற்றுதல் வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்பெறுவது. ஐரோப்பியர் தமிழுக்குச் செய்த தொண்டினைப் பேசும் ஒவ்வொரு கட்டுரையிலும், அவர்க்குச் சொல் தந்தவர், ஏடு தந்தவர், பொருள் விளக்கியவர் ஆகியோர்க்கும் ஒரு பத்தியேனும் ஒதுக்கப்பெறுதல் முறையாகும்.

ஆய்வாளர் ஆவணத்தின் எல்லையில் நின்றுவிடுகின்றனர்; அவ்வெல்லைக்கு அப்பால் செல்லும் உரிமை கவிஞர்க்கு உண்டு. பத்தாண்டுகளாகச் சொல்லைப் போற்றி வரும் இவ்வட்டத்தின் கவிஞருள் ஒருவரேனும், கப்பலின் மேல்தளத்தில் ஒரு தமிழ்ச்சொல்லை மெல்ல மீண்டும் ஒலித்துக் காட்டும் மலையப்பனைப் பாடுவாராயின், முகப்பில் விடுபட்ட பெயர்க்கு இலக்கியத்தில் இடம் கிடைக்கும்.