ஒருபக்கமாய் உட்கார்ந்து

சிதம்பரம் கடைத்தெருவில் ஸ்கூட்டரின் பின்னால் ஒருபக்கமாய் உட்கார்ந்து போகும் அம்மாக்களைப் பார்த்திருப்பீர்கள். குதிரையையே அப்படி உட்கார்ந்து ஓட்டுவதும் உண்டு.

இரண்டு காலும் இடப்பக்கம். சேணத்தில் இரண்டு கொம்பு: வலது கால் மேல்கொம்பைச் சுற்றிக்கொள்ளும், இடது தொடை கீழ்க்கொம்புக்கு அடியில் அண்டியிருக்கும். இந்தக் கீழ்க்கொம்பு 1830-களில் வந்தபிறகுதான் பெண்கள் துணிந்து வேலி தாண்டினார்கள். வலப்பக்கம் குதிரையை உந்தக் கால் இல்லையே? அந்த வேலைக்கு ஒரு பிரம்பு. பிரிட்டன் ராணி இரண்டாம் எலிசபெத் 1986 வரை பிறந்தநாள் அணிவகுப்புக்கு இப்படித்தான் வந்தார்.

நமக்கும் குதிரைக்கும் பழைய உறவு. குதிரை வாங்கப் பாண்டியன் தந்த பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்த மாணிக்கவாசகர் கடைசியில் இறைவனோடு கலந்தது தில்லை எனும் இந்தச் சிதம்பரத்தில்தானே!

சொந்தமாய் வளர்ப்பவருக்கோ, கடலூர் வெயிலில் தினமும் 30 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், ஊறவைத்த கொள்ளு, ஆறேழு வாரத்துக்கொரு முறை லாடம். சவாரி அரைமணி, மிச்சமெல்லாம் லத்தி அள்ளுவதுதான்.