முட்செடிக்கும் தோட்டத்தில் ஓர் இடம்

(மாணவர்களும் அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)

அலுவலக வளாகத்தையோ கல்லூரித் தோட்டத்தையோ துப்புரவு செய்யும் நாளில் மண்வெட்டிக்கு முதலில் இரையாவது முட்செடியே. முள் உள்ளதெல்லாம் களை, களையெல்லாம் பகை என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் ஊறியிருக்கிறது. எது இந்நாட்டுக்கு உரியது, எது அயலிலிருந்து வந்தது என்று ஆராயாமல் செய்யும் துப்புரவு, நல்லதையும் தீயதையும் ஒருங்கே அழித்துவிடுகிறது. இரண்டு செடிகளைக் கொண்டு இதனை விளக்கலாம்.

இரு முட்செடிகள்

முதலாவது, இந்தியில் ஊண்ட்கடாரா எனப்படும் செடி. 'ஊண்ட்' என்றால் ஒட்டகம். ஒட்டகம் மேயும் முட்செடி என்பதால் இப்பெயர் பெற்றது. தாவரவியலார் இதனை எக்கினாப்ஸ் எக்கினேட்டஸ் என்பர். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இது, இந்தியத் துணைக்கண்டத்தின் இயல்தாவரம். ராஜஸ்தான், குஜராத் முதல் தக்காணம் வரை வறண்ட தரிசுகளில் தானாகவே வளர்கிறது.

இரண்டாவது, பிரமதண்டு. இது மெக்சிகோவிலிருந்து வந்து நாடெங்கும் பரவிய செடி. கசகசாக் குடும்பத்தைச் சேர்ந்தது. மஞ்சள் பூவும், தண்டை ஒடித்தால் வடியும் மஞ்சள் பாலும் இதன் அடையாளங்கள். இதன் விதை கடுகை ஒத்திருப்பதே பெருங்கேடு. 1998-ஆம் ஆண்டு தில்லியில், பிரமதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டோர் உடல்வீக்க நோய்க்கு ஆளாயினர். அறுபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இலையின் முள்ளை மட்டும் காண்போருக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றும். பூவைக் கண்டால் ஐயம் தீரும்.

பூவின் பயன்

ஊண்ட்கடாராவின் பூ, வெண்மையும் இளநீலமும் கலந்த பந்து போன்றது. அப்பந்து ஒரே பூவன்று. பல சிறு பூக்களின் தொகுதி. தேனீ ஒரே இடத்தில் அமர்ந்து பல பூக்களில் தேன் அருந்த இவ்வமைப்பு உதவுகிறது. மழை ஓய்ந்து குளிர் தொடங்கித் தரிசு காயும் பருவத்தில் இது பூப்பதால், தேனீக்களுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் இதன் அருமை மிகுதி.

வளர்க்கும் முறை

இச்செடிக்கு நல்ல வெயிலும் நீர் தேங்காத நிலமும் போதும். உரமிட வேண்டியதில்லை. ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் நாற்றுப் பிடுங்கி நடுவதைவிட, அருகிலுள்ள தரிசில் திரட்டிய விதையை மழைக்காலத் தொடக்கத்தில் நேரே விதைப்பதே நன்று. நடைபாதையையும் குழந்தைகள் விளையாடும் இடத்தையும் விட்டு விலகி, வேலியோரத்தில் ஒரு பாத்தி ஒதுக்கலாம். பூச்சிக்கொல்லி தெளித்தால், பூச்சிகளுக்காகச் செடி வளர்ப்பதன் நோக்கமே கெடும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. மானாவாரி நிலங்களில் ஊண்ட்கடாராவும் களையே. உழவரின் குறை நியாயமானது. எனவே வளாகத்தை ஒட்டி வயல் இருக்குமாயின், பூ வாடியதும் பெரும்பாலான பந்துகளைக் கொய்துவிட்டு, அடுத்த ஆண்டு விதைப்புக்கு வேண்டியவற்றை மட்டும் முற்றவிடுதல் முறையாகும். உள்நாட்டுச் செடி என்பதனாலேயே அதற்கு எல்லா இடத்திலும் உரிமை உண்டு என்று கொள்ளலாகாது.

அலுவலர் கடமை

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், உள்ளாட்சி அமைப்புகள் தோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வகைசெய்கிறது. அக்குழு மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தொகுக்க வேண்டும். பயிரும் மூலிகையும் எளிதில் அதில் இடம்பெறும். தரிசின் முட்செடியை நினைப்பார் அரியர். மாணவர்கள் தம் ஊர்த் தரிசில் வளரும் செடிகளைப் பூவும் காயும் கண்டு பெயரறிந்து குழுவிடம் அளித்தால், அக்குறை நீங்கும். துப்புரவுக்கு ஆணையிடும் அலுவலர், களைய வேண்டியது எது, காக்க வேண்டியது எது என்று அப்பதிவேட்டின் துணைகொண்டு முடிவு செய்யலாம்.

பிரமதண்டை விதை முற்றுமுன் வேரோடு களைவதும், ஊண்ட்கடாராவுக்கு ஒரு பாத்தி விடுவதும் ஒரே நாளில் செய்யத்தக்க பணிகள். பெரும் பொருட்செலவு வேண்டாம். மண்வெட்டியை ஓங்குமுன் செடியின் பெயரை அறியும் பொறுமை வேண்டும்.