சிறுநீர்க் குழாயும் நம் வீட்டுப் பெரியவர்களும்

(மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று நான் பேசப் போகும் விஷயத்தைக் கேட்டு யாரும் முகம் சுளிக்கக் கூடாது. சர்க்கரை வியாதி, மூட்டு வலி, பைபாஸ் ஆபரேஷன் பற்றியெல்லாம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து விஸ்தாரமாகப் பேசுகிறோம். வீட்டில் ஒருவருக்கு நிரந்தரமாகக் கதீட்டர், அதாவது சிறுநீர்க் குழாய், வைத்திருந்தால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. அந்த மௌனத்தால் எங்கள் குடும்பம் ஓர் உயிரை இழக்கப் பார்த்தது. அதனால்தான் பேசுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 74. இந்தப் பாடத்தை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் என் அண்ணா.

அண்ணா இருப்பது சித்தூர் மாவட்டத்தில் குடுபல்லியில். பெங்களூர்–ஜோலார்பேட்டை ரயில் பாதையில், குப்பத்தை அடுத்த ஊர். தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் புழங்கும் இடம். சில வருஷங்களுக்கு முன் மாடிப்படியில் வழுக்கி விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சிறுநீர் தானாகப் பிரியாது. மன்னிக்கோ கைவிரல்களில் வாதம். ஆகவே நிரந்தரக் குழாய் வைத்தார்கள்.

ஒருநாள் நான் போயிருந்தபோது பையில் சிறுநீர் கலங்கலாக இருந்தது. வாடையும் அடித்தது.

"மன்னி, அண்ணாவுக்கு ஜுரம் இருக்கா?"

"ஜுரமெல்லாம் இல்லைப்பா. கார்த்தால நன்னா சாப்பிட்டார்."

அதோடு விட்டிருக்க வேண்டும். படித்தவன் அல்லவா, நானே மருந்துக் கடைக்குப் போய் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி வந்தேன். சிறுநீர் தெளிந்தது. எனக்குப் பெருமை. அடுத்த மாதம் மறுபடி கலங்கியது, மறுபடி மாத்திரை. இப்படி மூன்று முறை. நான்காவது முறை நிஜமாகவே வியாதி வந்தது. நள்ளிரவில் உடம்பு தூக்கிப் போடும் குளிர் ஜுரம். மன்னியையே அடையாளம் தெரியாமல் பிதற்றினார். காரில் போட்டுக்கொண்டு ஓடினோம். வழக்கமான மாத்திரை எதற்கும் அந்தக் கிருமி அசையவில்லை. ஊசி மருந்திலேயே பதினொரு நாள் கழிந்தது.

டாக்டர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சிறுநீர் கலங்கியிருக்கிறது என்று மருந்து கொடுத்தீர்களா, உடம்பு சரியில்லை என்று கொடுத்தீர்களா?" என்னிடம் பதில் இல்லை. கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. கேட்டு வாங்கியவன் நான்தான்.

இதன் விஞ்ஞானம் என்ன? நல்ல மூத்திரப்பை நிறைந்து, பிறகு முழுவதும் காலியாகும். அந்த ஓட்டத்திலேயே கிருமிகள் அடித்துக்கொண்டு போய்விடும். குழாய் வைத்தால் இந்த இயற்கைக் காப்பு போய்விடுகிறது. கிருமிகள் குழாயின் வெளிப்புறமாக ஏறலாம், அல்லது இணைப்பைக் கழற்றும்போது உள்புறமாக ஏறலாம். ஏறியவை குழாயின் மேல் வழவழப்பான பாசிபோலப் படலம் கட்டிக்கொள்ளும். மருந்து அந்தப் படலத்துக்குள் சரியாக நுழையாது. குழாய் வைத்து ஒரு மாதம் ஆனால் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். இது எதிர்பார்க்க வேண்டியதே. கிருமி இருப்பது வேறு, அதனால் வியாதி வருவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாததுதான் நான் செய்த தவறு. ஒவ்வொரு முறையும் மாத்திரை கொடுத்து, சாதுவான கிருமிகளைக் கொன்று, முரடுகளை வளர்த்து வைத்தேன்.

இன்னொன்று, என் கெமிஸ்ட்ரிக்கு உட்பட்டது. புரோட்டியஸ் என்று ஒரு கிருமி. அது சிறுநீரிலுள்ள யூரியாவை அமோனியாவாக உடைக்கும். சிறுநீர் காரத்தன்மை அடைந்ததும் மெக்னீசியம், கால்சியம் பாஸ்பேட் உப்புகள் படிகின்றன. போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே மாதிரி குழாய்க்குள்ளும் படிந்து அடைத்துவிடும்.

இதைத் தடுக்க என்ன வழி? 1966-ல் அமெரிக்காவில் டாக்டர் கால்வின் குனின் என்பவர், குழாயையும் பையையும் திறக்காத மூடிய அமைப்பாக வைத்திருந்தால் தொற்று வெகுவாகத் தள்ளிப் போகிறது என்று எடுத்துக் காட்டினார். இன்றும் அதுதான் அஸ்திவாரம். நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மடியாகச் சமைத்ததைக் கண்டவர் தொட விடமாட்டாள் பாட்டி. அந்த மடியை இந்தக் குழாய்க்கு வையுங்கள். மூடியதை மூடியபடியே விடுங்கள்.

நாங்கள் வீட்டில் கடைப்பிடிப்பவற்றைச் சொல்கிறேன்.

குழாயையோ பையையோ தொடுவதற்கு முன்பும் பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மகனானாலும் சரி, சம்பளத்துக்கு வரும் உதவியாளரானாலும் சரி, விலக்கே கிடையாது.

பை எப்போதும் மூத்திரப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. நாற்காலிக்கு மாற்றும்போது பையைத் தூக்கி வயிற்றின் மேல் வைப்பது பெரிய தவறு. உள்ளதெல்லாம் திரும்பி ஓடும். குழாய் மடங்காமல், இழுபடாமல் தொடையில் பொருத்தி வையுங்கள்.

மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் பையைக் காலி செய்யுங்கள். அதற்கென்று தனிப் பாத்திரம் வேண்டும். பையின் திருகுவாய் பாத்திரத்தில் படக் கூடாது. காலில் கட்டும் பை வைத்திருப்பவர்கள் இரவில் அதைக் கழற்ற வேண்டாம். அதன் கீழ் வாயிலேயே பெரிய பையை இணைத்துக் கொள்ளலாம்.

குழாய் நுழையும் இடத்தைத் தினம் சோப்பும் தண்ணீரும் கொண்டு சுத்தம் செய்தால் போதும். டெட்டால், பவுடர் எதுவும் வேண்டாம். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். டாக்டர் சொல்லாமல் குழாய்க்குள் மருந்துத் தண்ணீர் செலுத்திக் கழுவக் கூடாது. கழுவுகிறோம் என்று நினைத்து வாசலைத் திறந்து விடுகிறோம்.

பை நிறையுமே என்று பயந்து பல பெரியவர்கள் தண்ணீரைக் குறைக்கிறார்கள். இருதயமோ சிறுநீரகமோ காரணமாக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் ஒழிய, நாளுக்கு 2 லிட்டர் வேண்டும். ஏகாதசி உபவாசம் இருங்கள், தண்ணீர்கூட இல்லாமல் இருக்காதீர்கள். மலச்சிக்கலும் குழாயை அழுத்தும், கவனம் தேவை. வாழைத்தண்டு, பார்லிக் கஞ்சி தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அவை மருந்துக்கு மாற்று ஆகா. விலை அதிகமுள்ள கிரான்பெரி ஜூஸ் குழாய் வைத்தவர்களுக்கு உதவும் என்பதற்கும் தக்க ஆதாரம் இல்லை.

டாக்டரிடம் ஓட வேண்டிய அறிகுறிகள் எவை? ஜுரம், குளிர் நடுக்கம், விலாப்புறம் வலி, புதிதாக ரத்தம், வயதானவர்களுக்குத் திடீர் மனக்குழப்பம். பைக்குச் சிறுநீர் வராமல் அடிவயிறு உப்பினாலும், குழாயின் பக்கவாட்டில் கசிந்தாலும் அடைப்பு இருக்கலாம். முதுகுத்தண்டில் மார்பு மட்டத்திலோ மேலேயோ அடிபட்டவர்களுக்குத் திடீரென்று மண்டை இடித்து வியர்த்துக் கொட்டினால் ரத்த அழுத்தம் அபாயமாக ஏறுகிறது. முதலில் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பரிசோதனைக்குப் பையிலிருந்து சிறுநீர் எடுத்துக் கொடுக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேலான குழாயானால், அதை மாற்றிவிட்டுப் புதிய குழாயிலிருந்து, மருந்து ஆரம்பிக்குமுன் எடுக்க வேண்டும். ஆரம்பித்த மருந்தை டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குழாய் மாற்றும் ஒவ்வொரு முறையும் "இது இன்னும் தேவையா?" என்று கேளுங்கள். எடுக்கப்பட்ட குழாயில் தொற்று வராது. 1972-ல் அமெரிக்க டாக்டர் ஜாக் லாபிடஸ், வேளாவேளைக்குச் சுத்தமான குழாயைச் செலுத்திச் சிறுநீரை எடுத்துவிட்டு, குழாயையும் எடுத்துவிடும் முறையை வெளியிட்டார். கை ஒத்துழைப்பவர்களுக்கு அது மிக நல்ல வழி.

ஒரு காலத்தில் முதுகுத்தண்டு முறிந்தவர்களைக் கொன்றது பெரும்பாலும் முறிவு அல்ல, சிறுநீர்த் தொற்றும் படுக்கைப் புண்ணும்தான். எங்கள் சித்தூர் மாவட்டத்துக்காரர்கள் பெரிய வியாதி என்றால் போகும் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-ல் கார் விபத்தில் அவருக்கே இடுப்புக்குக் கீழ் செயலிழந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே ஆபரேஷன் செய்தார். 1966-ல் அங்கே தொடங்கிய மறுவாழ்வு நிலையத்துக்குப் பொறுப்பேற்றார். 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் வாழ்க்கையைப் படித்துக் காட்டியபோது அண்ணா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் ரூமுக்குள்ளேயே ஏன் கிடக்கணும்?" என்றார்.

போன வருஷம் பேரனின் உபநயனத்துக்கு அண்ணா வந்தார். சக்கர நாற்காலி, வேஷ்டிக்குள் காலில் கட்டிய பை. ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தாலும் என்ன? பிரம்மோபதேசத்தின்போது குழந்தையின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். பையைக் காலி செய்தது நான். முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு பந்திக்குப் போய் உட்கார்ந்தேன்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால் வெட்கப்படாமல் விசாரியுங்கள். இதில் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை.