விடியுமுன் வந்த வண்டி

(இளையரசனேந்தலில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் வங்கி அலுவலர் ஒருவர் பேசியது)



வங்கி வேலையில் பல ஊர்களைப் பார்த்துவிட்டேன். கோவில்பட்டியிலிருந்து இங்கு வரும் சாலையில் மட்டும் ஒரு திரைப்படம் நினைவுக்கு வந்துவிடும். எழுத்தாளர் பூமணி இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’. அவர் கோவில்பட்டிப் பக்கம் ஆண்டிபட்டிக்காரர், கூட்டுறவுத் துறையில் பணியாற்றியவர். அவருடைய ‘வெக்கை’தான் ‘அசுரன்’ ஆனது. ‘அசுரன்’ பார்த்தவர்கள் பலர் இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளின் கதை.

என் அக்காவோடு அதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றவள். விடியுமுன் ஊருக்குள் வண்டி வரும், தூக்குச்சட்டியோடு ஏறிவிடுவாள். அவள் தீக்குச்சி அடுக்கிய கூலியில்தான் நான் படித்தேன். தீப்பெட்டித் தொழிலில் 14 வயது நிரம்பாதோரை வேலைக்கு வைக்கக் கூடாதென்று 1986இல் சட்டம் வந்தபோது அவளுக்கு வயது 16. அந்தச் சட்டமும் வீட்டிலிருந்து குடும்பத்தோடு செய்யும் வேலையை விட்டுவிட்டது. தங்கை திண்ணையில் பெட்டி ஒட்டினாள்.

படம் முடிந்ததும் அக்கா அழவில்லை. “வண்டி வர்றப்ப வாத்தியார் வாசல்ல பல் விளக்கிட்டு நிப்பாரு தம்பி. ஒருநாளாச்சும் எங்க போறேன்னு கேப்பாருன்னு பாத்தேன்” என்றாள்.

வருகைப் பதிவேட்டில் நாள்கணக்காக வராத பிள்ளைகள் இந்த ஊரில் இருந்தால் சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் அந்த வீடுகளுக்குப் போகலாம், நானும் வருகிறேன். எனக்குப் பேருந்து ஐந்தரைக்குத்தான்.