ஊசியில் இடம் பெறாத பெயர்கள்



ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு கறுப்புத் தேனீ ஊசியில் குத்தி வைக்கப்பட்டிருக்கிறது. நீளம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். முகத்தில் கிடுக்கிபோல் பெரிய தாடைகள். உலகின் மிகப் பெரிய தேனீ இனம் அது. அறிவியல் பெயர் மெகாகைலி புளூட்டோ. இன்றைய இந்தோனேசியாவின் பச்சான் தீவில் பிரிட்டிஷ் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் சேகரித்ததைப் பூச்சியியலாளர் ஃபிரடெரிக் ஸ்மித் ஆராய்ந்து பெயரிட்டார். பொது வழக்கில் அது 'வாலஸின் தேனீ' ஆகிவிட்டது.

1858 அக்டோபரில் டெர்னாடே தீவிலிருந்து பச்சானுக்கு வாலஸ் படகேறியபோது அவர் தனியாகப் போகவில்லை. அவருடைய உதவியாளர் அலி உடனிருந்தார். சுடுவதில் தேர்ந்த லஹாகி, மலாய் பேசத் தெரிந்த லாஹி, சமையலுக்கு காரோ என்ற சிறுவன் ஆகியோரும் போனார்கள். இவர்கள் பெயர்களை நான் எங்கோ தோண்டி எடுக்கவில்லை. வாலஸே தம் 'மலாய்த் தீவுக்கூட்டம்' நூலில் அச்சிட்டிருக்கிறார். 1869 முதல் யாரும் படிக்கலாம். ஆனால் அந்தத் தேனீக்கு வாய்த்தது ஒருவர் பெயர் மட்டுமே.

வாலஸ் தந்த கணக்கைப் பாருங்கள். 1854 முதல் 1862 வரை அத்தீவுகளில் அவர் திரட்டிய உயிரின மாதிரிகள் மொத்தம் 1,25,660. அவற்றில் வண்டினங்கள் மட்டும் 83,200. வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் 13,100. மற்றப் பூச்சிகள் 13,400. பூச்சிகளை மட்டும் கூட்டி எட்டு ஆண்டுகளின் நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு முப்பத்தேழுக்கு மேல் வருகிறது. மழை நாளையும் காய்ச்சலில் கிடந்த நாளையும் படகில் கழிந்த வாரங்களையும் சேர்த்துத்தான் இந்தச் சராசரி. பிடித்தால் போதாது, கொல்ல வேண்டும், உலர்த்த வேண்டும், எறும்பு தின்னாமல் காக்க வேண்டும், ஊசி குத்திப் பெட்டியில் அடுக்க வேண்டும். தனி மனிதர் ஒருவரின் இரண்டு கைகளுக்கு அடங்குகிற வேலையா இது?

போர்னியோத் தீவில் சராவாக்கின் சிமுஞ்சன் நிலக்கரிச் சுரங்கத்துக்கு அவர் 1855 மார்ச்சில் போனார். சீனத் தொழிலாளரும் உள்ளூர்த் தயாக் மக்களும் அங்கே காடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிச் சாய்த்த மரம் அழுக ஆரம்பித்தால் வண்டு தேடி வரும். பூச்சி ஒன்றுக்கு ஒரு சென்ட் தருவதாக வாலஸ் சொன்னார். அவர்கள் கொண்டுவந்து குவித்தார்கள். போர்னியோவில் அவருக்குக் கிடைத்த ஏறக்குறைய 2,000 வகை வண்டுகளில் நூறளவு நீங்கலாக எல்லாமே இந்த ஓரிடத்தில், ஒரு சதுர மைலுக்குச் சற்றே கூடுதலான நிலத்தில் கிடைத்தவை. காட்டைத் திறந்தது தொழிலாளரின் கோடரி. அந்த வண்டுகளை வைத்துப் புதிய இனங்களை விவரித்த ஆய்வுகள் லண்டனில் வெளிவந்தன. சென்ட் வாங்கியவர்களின் பெயர்ப் பட்டியல் வெளிவரவில்லை.

பூச்சியையும் அதைப் பிடித்தவர் பெயரையும் இணைத்த இழை எங்கே அறுந்தது? என் கணிப்பில், விற்பனையில். பெட்டிகள் கப்பலில் லண்டன் போய்ச் சேர்ந்ததும் சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்ற முகவர் அவற்றைப் பிரித்து விற்றார். சிறு வட்டக் காகிதத்தில் வாலஸ் சுருக்கமாக எழுதியது இடத்தின் பெயரைத்தான். வாங்கியவர்கள் தங்கள் சீட்டையும் சேர்த்துக் குத்தினார்கள். வில்சன் சாண்டர்ஸ் என்ற செல்வர் வாங்கியவற்றில் ஒரு பகுதி பின்னாளில் ஆக்ஸ்போர்டுக்கு வந்தது. கை மாறிய ஒவ்வொரு முறையும் விலைக்கு உதவிய பெயர் தங்கியது, உதவாதது உதிர்ந்தது.

எனவே உதிர்ந்த பெயர்களைத் தேடும் ஆய்வில் இறங்குபவர் பூச்சியோடு நின்றுவிட முடியாது. சீட்டின் கையெழுத்தை அடையாளம் காண வேண்டும். அருங்காட்சியகப் பதிவேட்டில் வந்த நாளைப் பார்க்க வேண்டும். லண்டன் லினியன் சங்கத்தில் உள்ள வாலஸின் நாட்குறிப்புகளோடும், வீட்டுக்கு எழுதிய கடிதங்களோடும் அதை ஒத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துத்தான் வாலஸின் மற்றோர் உதவியாளரான சார்லஸ் ஆலனின் வாழ்க்கையை ஆய்வாளர்கள் மீட்டார்கள். தச்சர் மகனான அந்த லண்டன் சிறுவனுக்கு ஊசி நேராகக் குத்தத் தெரியவில்லை என்று வாலஸ் சலித்துக்கொண்ட கடிதம் இருக்கிறது. அதே பையன் பின்னாளில் வாலஸுக்காகத் தனியே தீவு தீவாகப் போய்ச் சேகரித்தார். 1892-இல் சிங்கப்பூரில் மறைந்தார்.

அலியைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுக்கிறது. சராவாக்கில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, சமைத்து, பறவை சுடக் கற்று, தோல் உரித்துப் பதப்படுத்தக் கற்று, காய்ச்சலில் கிடந்த வாலஸைக் கவனித்துக்கொண்டவர். பச்சானில் வாலஸின் பெயர் தாங்கும் சொர்க்கப் பறவையை முதலில் கொண்டுவந்தவரும் அவரே. 1862-இல் சிங்கப்பூரில் பிரியும்முன் எடுத்த அவருடைய புகைப்படத்தை வாலஸ் 1905-இல் தம் வாழ்க்கை வரலாற்றில் அச்சிட்டார். அதற்கு இரண்டாண்டு கழித்து டெர்னாடே தெருவில் ஒரு முதியவர் அமெரிக்க விலங்கியலாளர் தாமஸ் பார்பரை வழிமறித்தார். தம் பெயர் அலி வாலஸ் என்று சொன்னார்.

வாலஸ் நன்றி மறந்தவர் அல்லர். புத்தகத்தில் இருக்கும் பெயர்கள் பெட்டிக்குப் போய்ச் சேரவில்லை என்பதே குறை. பெட்டியைத் திறக்கும் உரிமை உள்ளவர்கள் அதைத் தீர்க்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். களப்பணிக்குப் போகும்போது வழிகாட்டிய ஊர்க்காரர், விளக்கடியில் பூச்சி பிடித்துக் கொடுத்த சிறுவன், பெட்டிக்கு நாப்தலீன் போட்டுக் காக்கும் ஆய்வுக்கூட அட்டெண்டர் ஆகியோரின் பெயரைக் கேட்டு, அன்றைக்கே பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.