திருப்பணியும் தக்காரைத் தேர்தலும்

திருப்பணிக்குப் பொருள் வழங்கிய புண்ணியச் செல்வர்களே!

கோயில் எடுப்பித்தலும் பழுதுற்றதனைப் புதுக்குதலும் சிவபுண்ணியம் என்பதை நீங்கள் நன்கறிவீர்கள். ஆயினும், பொருள் ஈவோரின் கடமை ஈந்த அளவிலே முடிவதன்று; அப்பொருளை எவர் கையில் ஒப்புவிப்பது என ஆராய்தலும் அக்கடமையின் ஒரு கூறேயாகும்.

திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரை நினைந்து பார்ப்போம். கைப்பொருள் இல்லாத அப்பெருமான் மனத்தினாலேயே கோயில் எடுக்கப் புகுந்தார். மனக்கோயில்தானே என்று எதனையும் குறைத்தாரல்லர். வேண்டும் பொருள்களையும் தக்க தச்சரையும் நினைவிலே தேடிக்கொண்ட பின்னரே பணி தொடங்கினார். கல்லில் எழும் கோயிலுக்கு நாம் எத்துணை ஆராய்தல் வேண்டும்! தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டிலே குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயரும் பொறிக்கப்பெற்றுள்ளது. பணி செய்வோன் யார் என்பதை அக்காலத்தார் எளிதாகக் கருதவில்லை.

இனி அடியேனுடைய பிழை ஒன்றைக் கூறுகின்றேன். பல்லாண்டுகட்கு முன் வேறோர் ஊர்த் திருப்பணிக் குழுவில் நானும் இருந்தேன். ஒப்பந்தப்புள்ளிகளைப் பிரித்து, மிகக் குறைந்த தொகை குறித்தவருக்கே பணியைக் கொடுத்தோம். அவர் முன்பு செய்த வேலையை ஒருவரும் சென்று பார்த்தோமில்லை. அவருடைய ஆட்கள் விரைவு கருதி, காற்றழுத்தப் பொறியால் மணலை வீசிக் கருவறைப் புறச்சுவரைத் தூய்மை செய்தனர். எண்ணெய்ப் பிசுக்குப் போயிற்று; அதனுடன் கல்வெட்டும் போயிற்று. நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் அளித்தவர் ஒருவரின் பெயர் அதில் இருந்தது. பல நூற்றாண்டு மழையும் வெயிலும் அழிக்காத அப்பெயரை, நாங்கள் மிச்சம் பிடித்த சிறுதொகை ஒரே பகலில் அழித்துவிட்டது. அவரும் உங்களைப் போன்ற கொடையாளரே.

ஒப்பந்தப்புள்ளியை இரண்டு உறைகளில் பெறும் முறை ஒன்று உண்டு. முதல் உறையில் தகுதி. இரண்டாம் உறையில் விலை. தகுதியில் தேறியவரின் விலையுறை மட்டுமே திறக்கப்படும். இது மிக நல்ல முறை. தகுதியை ஏட்டளவில் மட்டும் நோக்காது, அவர் சில ஆண்டுகட்கு முன் முடித்த கோயிலுக்கு மழைக்காலத்தில் சென்று தளம் ஒழுகுகின்றதா என்று பாருங்கள். பயிற்சி பெற்ற ஸ்தபதி உடனிருந்து பணி நடத்துவாரா, சுண்ணாம்பைக் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துப் பக்குவம் செய்ய அறிவாரா என்று கேளுங்கள். கல்வெட்டுகளைப் பணிக்கு முன்னரே படியெடுத்து வையுங்கள். மூடி மறையும் வேலையை, மூடுமுன் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள்.

மதிப்பீட்டிற்கு மிகவும் தாழ்ந்த விலையைக் கண்டு மகிழாதீர்கள். அக்குறை சுண்ணாம்பிலோ, கல்லிலோ, உழைப்பாளர் கூலியிலோ வந்து விழும். தக்காரைத் தேர்ந்தபின், அவர்க்குரிய பணத்தைக் காலந்தாழ்த்தாது கொடுப்பதும் நம் கடனே.

இன்று குடநீர் பெய்த இக்கோபுரம் நம் பேரர் காலத்தும் நிலைபெற, எம்பெருமான் திருவருள் முன்னிற்க!

திருச்சிற்றம்பலம்.