தொழிலாளியின் சோறு
(மதுரையில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டது சோற்று விஷயமாகும். சோற்றைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் சிரிக்கக்கூடும். மோட்சத்தைப் பற்றி விடிய விடியக் காலட்சேபம் கேட்கின்ற நாட்டில், தொழிலாளி மத்தியானம் எதைத் தின்றான் என்று அரைமணி நேரம் யோசிப்பது வெட்கப்படத்தக்க காரியமல்ல.

1939-இல் யுத்தம் மூண்டபோது இங்கிலாந்து தன் உணவில் பெரும்பகுதியைக் கப்பலில் வரவழைத்துத் தின்றுவந்த நாடு. கப்பல்களை ஜெர்மானியர் கடலில் முழுக்கத் தொடங்கவே, 1940 ஜனவரி 8-ந் தேதி பன்றிக்கறி, வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றுக்கும், அவ்வருஷம் மார்ச்சில் மற்ற இறைச்சிக்கும் பங்கீடு வந்தது. இறைச்சியை மட்டும் எடை போட்டுக் கொடுக்கவில்லை. ஆளுக்கு வாரம் 1 ஷில்லிங் 10 பென்னிக்குக் கறி என்று விலையால் அளந்தார்கள். பின்னால் அதுவும் குறைந்தது. விலையால் அளந்ததால், மலிவான துண்டை வாங்குகிறவனுக்கு எடை அதிகம் கிடைத்தது. ஈரல், குடல் முதலியவை பங்கீட்டுக் கணக்கிலேயே சேரவில்லை. ஆனால் கடையில் அவை கிடைப்பதுதான் அரிதாயிற்று.

எல்லோருக்கும் ஒரே அளவு என்றால் சுரங்கத்தில் கரி வெட்டுகிறவன் என்ன செய்வான் என்ற கேள்வி உடனே வந்தது. அவனுக்கு இறைச்சி கூடுதலாகவும், வயல் தொழிலாளிக்குப் பாலாடைக்கட்டி கூடுதலாகவும் கொடுத்தார்கள். யுத்த வேலை செய்யும் தொழிற்சாலையில் 250 பேருக்கு மேலிருந்தால் அங்கே சாப்பாட்டுக் கூடம் வைக்க வேண்டுமென்று உத்தரவு போட்டார்கள். ஊர்தோறும் பொதுச் சாப்பாட்டுச் சாலைகள் கிளம்பின. ‘பொதுச் சமையல்’ என்ற பேர் சர்ச்சிலுக்குப் பிடிக்காமல் ‘பிரிட்டிஷ் ரெஸ்டாரண்டு’ என்று பேரை மாற்றச் சொன்னார். பேரை மாற்றினாலும் சோறு சோறாகவே இருந்தது.

இவ்வளவு செய்தும் ஒருவன் விட்டுப்போனான். அவன்தான் வயல் வேலைக்காரன். பத்து ஏக்கருக்கு ஒருவனாகச் சிதறிக் கிடப்பவனுக்கு எங்கே போய்ச் சாப்பாட்டுக் கூடம் கட்டுவது? ஆகவே 1942-இல் ஒரு யோசனை செய்தார்கள். அவன் சாப்பாட்டைத் தேடி வர முடியாதென்றால், சாப்பாடு அவனைத் தேடிப் போகட்டும் என்பதே அது. பட்டணத்து ரொட்டிக் கிடங்கில் கறிப்பை சுட்டு, தொண்டுப் பெண்கள் அதை வண்டியிலும் சைக்கிளிலும் ஏற்றிக் கிராமத்துக்குக் கொண்டுபோய் விற்றார்கள். பை என்றால் நாம் சந்தைக்குத் தூக்கிப்போகும் பையல்ல. கோதுமை மாவைத் தட்டி, உள்ளே கறியும் கிழங்கும் வைத்து மூடிச் சுட்ட பண்டம். நம் வீட்டுப் பூரணக் கொழுக்கட்டையில் வெல்லத்துக்குப் பதிலாகக் கறி இருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். கையில் பிடித்து வரப்பிலேயே நின்று தின்னலாம். இலை வேண்டாம், பந்தி வேண்டாம். யுத்தத்தின் உச்சத்தில் வாரத்திற்குப் பத்து லட்சத்துக்கு மேல் இப்படிக் கிராமங்களுக்குப் போயின.

இதைச் சொல்லுவதால் வெள்ளைக்காரனைத் தர்மப் பிரபு என்று நாம் புகழ வரவில்லை. வேலை நடக்க வேண்டும், அதற்காகச் சோறு போட்டான், அவ்வளவுதான். பணக்காரன் அங்கும் ஓட்டலில் கூப்பனில்லாமல் சாப்பிட்டான். 1942-இல் ஒரு வேளைக்கு 5 ஷில்லிங்குக்கு மேல் வாங்கக்கூடாதென்று வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. யுத்தம் முடிந்தும் கஷ்டம் தீரவில்லை. யுத்தத்தில்கூடப் பங்கிடப்படாத ரொட்டியை 1946 முதல் 1948 வரை பங்கிட்டார்கள். இறைச்சிப் பங்கீடு 1954 ஜூலையில்தான் ஒழிந்தது.

அதே சர்க்கார் நம் நாட்டில் செய்ததென்ன? 1942-இல் பர்மா விழுந்ததும் ரங்கோன் அரிசி நின்றது. 1943-இல் வங்காளத்தில் இருபது முப்பது லட்சம் பேர் பட்டினியாலும் அதைத் தொடர்ந்த நோயாலும் செத்தார்கள். அதற்குப் பிறகுதான், லட்சம் பேருக்கு மேலுள்ள பட்டணங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 1 ராத்தல் தானியமாவது கொடுக்க வேண்டுமென்று ஒரு கமிட்டி சொல்லிற்று. மதுரையும் அப்போது இரண்டு லட்சத்துக்கு மேல் ஜனங்கள் உள்ள நகரம். 1946-இல் இந்த ராத்தலும் 12 அவுன்சாகச் சுருங்கியது. அதாவது இன்றைய கணக்கில் 340 கிராம். கடின வேலைக்காரனுக்கு 4 அவுன்சு சேர்த்தார்கள். அந்த நான்கும் தானியந்தான்.

ரேஷனில் சோளமும் கோதுமையும் வந்தபோது பட்டணத்தார் முகம் சுளித்தார்கள். உசிலம்பட்டி, திருமங்கலம் கரிசலில் கூலிக்காரன் தலைமுறை தலைமுறையாய்ச் சோளமும் கம்பும் வரகும் தின்றே ஏர் பிடித்தான் என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. 1895-இல் பெரியாறு அணைத் தண்ணீர் வந்து மேலூர்ப் பக்கம் நெல் விளைந்தபோதும், நட்டவள் கலயத்தில் இருந்தது பெரும்பாலும் கூழ்தான்.

இங்கே கறிப்பை போன்றதொன்றை ஏன் ஒருவரும் கேட்கவில்லை? ஏழை நாடு என்பது பாதிக் காரணம். மற்றப் பாதி ஜாதி. அங்கே இறைச்சி என்பது பலம். இங்கே அது இழிவு. 1940-களின் தொடக்கம் வரை ரயிலடிச் சாப்பாட்டுக் கடையிலேயே பிறப்பைப் பார்த்து இடம் பிரித்த நாட்டில், யார் எதைத் தின்கிறான் என்பதே அவன் யோக்கியதைக்கு அளவுகோலாயிற்று. ‘அசைவம்’ என்ற வார்த்தையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கறியோ மீனோ தின்கிறவர்கள். ஆனால் அவர்கள் உணவுக்குச் சொந்தமாய் ஒரு பேர்கூட இல்லை. ‘சைவமல்லாதது’ என்று இன்னொருவர் உணவை வைத்தே அதை அழைக்கிறோம்.

1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் நம் நாட்டிலும் அந்த 250 கணக்கையே எடுத்துக் கொண்டு, அதற்கு மேல் ஆளிருந்தால் சாப்பாட்டுக் கூடம் வேண்டுமென்றது. 2020-இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டத்தில், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட 100 பேர் என்று வைத்தார்கள். நல்லது. ஆனால் நாற்று நடுகிற பத்துப் பெண்களுக்கும், செங்கல் சூளையில் வேகின்ற இரண்டு குடும்பத்துக்கும், மூட்டை சுமக்கிறவனுக்கும் எந்தச் சட்டத்தில் கூடம் இருக்கிறது? இங்கிலாந்தில் விட்டுப்போன அதே ஆள்தான் இங்கும் விட்டுப்போனான்.

சோற்றைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பது நமக்குத் தெரியாத வித்தையுமல்ல. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோற்றோடு வாரம் 5 முட்டை 2010 முதல் போட்டு வருகிறோம். முட்டை போட்டால் மதம் கெடும் என்று சில ராஜ்யங்களில் கிளம்பிய கூச்சல் இங்கே எடுபடவில்லை. 2022 செப்டம்பரில் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டி தொடங்கியதும் நம் மதுரையில்தான். பிள்ளைக்கு முட்டை கிடைக்கிறது. விடியற்காலையில் இரண்டு வாய் பழையதோடு வயலில் இறங்கிய தாய்க்கு என்ன கிடைக்கிறதென்று கேட்கின்றோம்.

ஆகவே தீர்மானம் போட்டுவிட்டுக் கலைந்து போகாமல், வருகிற நடவில் மேலூர்ப் பக்கம் இரண்டு ஊரில் இதை நாமே செய்து பார்ப்பதென்று இருக்கின்றோம். பகல் பதினோரு மணிக்கு வரப்புக்குச் சூடான சோறும், ஆளுக்கொரு முட்டையும், வாரம் ஒருநாள் குடல் குழம்பும் போக வேண்டும். இனாமாக வேண்டாம், அடக்க விலைக்குக் கொடுக்கலாம். எல்லாத் தெருவாரும் ஒரே அண்டாவில் சமைக்க வேண்டும், ஒரே அண்டாவிலிருந்து வாங்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அடுப்பும் பாத்திரமும் தருகிறவர்கள் யார், வண்டி வைத்திருப்பவர்கள் யார், காலையில் சமைக்க வரக்கூடியவர்கள் யார் என்பதைக் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் பேர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகுமாறு கேட்டுக் கொள்ளுகின்றோம்.